எல்லா உதறலுக்கும் கியர் ஆயிலா?

ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஆட்டோமேட்டிக் கார் உதறத் தொடங்கினால் அதன் சொந்தக்காரர் காதில் முதலில் விழுவது இதுதான்: "கியர் ஆயிலை மாத்திப் பாருங்க, சரியாயிடும்." மெக்கானிக் சொல்வார், டாக்ஸி ஓட்டுபவர் சொல்வார், எதிர்வீட்டில் கார் வைத்திருப்பவரும் சொல்வார். எந்த வேகத்தில் உதறுகிறது, நிற்கும்போதா ஓடும்போதா, பிரேக் பிடித்தாலா ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலா என்று கேட்பவர் அரிது. பில் வந்துவிடும், உதறல் அப்படியே இருக்கும்.

இந்த நம்பிக்கை ஒன்றுமில்லாததிலிருந்து முளைக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு உறுதியாக நிற்கிறது. ஒரு வகை உதறல் உண்மையிலேயே ஆயிலால் வருகிறது. வழக்கமான ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதற்குள் சுழலும் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. வண்டி சீரான வேகத்துக்கு வந்ததும், பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று, உள்ளேயிருக்கும் ஒரு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும். இதை லாக்-அப் என்பார்கள். இன்றைய கியர்பாக்ஸ்கள் பலவற்றில் இந்தக் கிளட்ச் வேண்டுமென்றே சற்று வழுக்கிக்கொண்டே வேலை செய்கிறது. அந்த வழுக்கல் சீராக இருப்பதற்காக ஆயிலில் சில சேர்மானங்களைக் கலக்கிறார்கள். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கம் வரை இந்த வேலையைச் செய்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்தபிறகே அதன் இடத்தைச் செயற்கைச் சேர்மானங்கள் முழுதாகப் பிடித்தன.

சேர்மானம் சூட்டில் வீரியம் இழந்தால் கிளட்ச் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து நடுங்கும். மிதமான வேகத்தில், ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியிருக்கும்போது, ரம்பிள் ஸ்ட்ரிப் மேல் ஏறியதுபோல ஓரிரு விநாடி 'டர்ர்' என்று வந்து போகும். இந்த ஒன்றுக்குப் புது ஆயில் மருந்தாகலாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 8 கியர் ஆட்டோமேட்டிக் இதற்குப் பெயர்போன உதாரணம். 2015 முதல் 2019 வரையிலான மாடல்களில் உதறல் புகார் குவிந்தது. அதில் ஊற்றியிருந்த ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது என்று தெரிந்ததும், பழையதை முழுக்க வெளியேற்றிவிட்டு வேறு தயாரிப்பை நிரப்பும்படி நிறுவனம் டீலர்களுக்கு அறிவுறுத்தியது.

ஆனால் அங்கே உதறியவற்றில் பல புதிய வண்டிகள். கிளட்ச் நன்றாக இருந்தது, ஆயில்தான் பொருந்தவில்லை. ஒன்றரை லட்சம் ஓடிய காரின் கதை நேர்மாறானது. டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் கன்னங்கரேலென்று கொட்டுவது சூட்டில் கருகிய ஆயில் மட்டுமல்ல. கிளட்ச் தகட்டின் காகித நார்ப் பூச்சு தேய்ந்து உதிர்ந்த பொடியும் அதில் கலந்திருக்கும். தேய்ந்த பூச்சைப் புது ஆயில் திரும்ப வளர்த்துத் தராது. அதோடு, ஒருமுறை டிரெயின் செய்தால் எல்லாம் வெளியே வந்துவிடுவதும் இல்லை. கன்வெர்ட்டருக்குள் தங்குவது தங்கியே இருக்கும். ஒவ்வொரு முறையும் 40 சதவீதம் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை மாற்றிய பிறகும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பழசுதான்.

இன்னும் வேடிக்கை, லாக்-அப் கிளட்சே இல்லாத வண்டிகளுக்கும் இதே வைத்தியம் நடப்பது. 2014-ல் செலெரியோவுடன் மாருதி கொண்டுவந்த ஏஎம்டி, அடிப்படையில் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் மட்டும் இயந்திரத்தின் வேலை. முதல் கியரில் நகரும்போது அது உதறினால் கிளட்ச் பிளேட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் வந்த 7 கியர் டிஎஸ்ஜியின் இரட்டைக் கிளட்ச், ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் இந்த வகை கியர்பாக்ஸ் கொண்ட சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து ஆயிலை மாற்றியது உண்மைதான். அதற்குக் காரணம் மின்கோளாறு; உதறல் அல்ல. ஃபோர்டின் பவர்ஷிஃப்ட் என்ற உலர் கிளட்ச் கியர்பாக்ஸின் கதை இதையும் மிஞ்சும். அந்த உலர் கிளட்ச் அமெரிக்காவில் ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் உதறியதற்கு ஒரு காரணம், ஷாஃப்ட் சீல் வழியாகக் கியர் ஆயில் கசிந்து கிளட்ச் மேல் பட்டது. 2014-ல் நிறுவனம் கிளட்சுக்கும் சீலுக்கும் வாரன்ட்டியை நீட்டித்தது. ஆயில் பட்டதால் வந்த நோய்க்கு ஆயிலையே மருந்தாக ஊற்றி என்ன பயன்?

இலங்கையில் எங்கு பார்த்தாலும் ஓடும் டொயோட்டா அக்வா, பிரியஸ் ஹைபிரிட்களில் டார்க் கன்வெர்ட்டரே கிடையாது. அவற்றிலும் இன்ஜின் உயிர்பெறும்போது வரும் குலுக்கலுக்கு ஆயில் மாற்றச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, பழி ஏன் எப்போதும் கியர்பாக்ஸ் மேல் விழுகிறது? சிக்னலில் நிற்கும் காரைப் பாருங்கள். ஏசி ஓடுகிறது, கியர் 'டி'-யில், கால் பிரேக்கில். ஸ்டீயரிங் நடுங்குகிறது, கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் பிம்பம் ஆடுகிறது. லீவரை 'என்'-னுக்குத் தள்ளியதும் அமைதி. கியரைத் தொட்டதும் நின்றது, ஆகவே கியர்பாக்ஸ்தான் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நடப்பது வேறு. 'டி'-யில் நிற்கும்போது இன்ஜின் கன்வெர்ட்டரை எதிர்த்துச் சுற்ற வேண்டியிருக்கிறது. அந்த முறுக்கை இன்ஜின் மவுண்டிங்குகள் தாங்குகின்றன. பல கார்களின் மவுண்டிங்கில் ரப்பருக்குள் திரவம் அடைத்திருக்கும். வயதாகி ரப்பர் வெடித்துத் திரவம் கசிந்துவிட்டால் அதிர்வு நேராக பாடிக்கு வந்துவிடும். 'என்'-னில் சுமை இறங்குகிறது, நடுக்கமும் அடங்குகிறது. பானெட்டைத் திறந்து மவுண்டிங்கைப் பார்த்தால், வெடிப்பும் கருப்பாக வழிந்த தடமும் பல நேரம் கண்ணுக்கே தெரியும்.

ஓடும்போது வரும் உதறலிலும் ஏமாற இடமுண்டு. வேகம் பிடிக்கும்போது மட்டும் குலுங்கி, காலை எடுத்ததும் நின்றால் ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். 80, 90-ல் ஸ்டீயரிங் ஆடினால் வீல் பேலன்சிங், டயர். பிரேக் பிடித்தால் மட்டும் என்றால் டிஸ்க். எல்லாவற்றையும் விடக் கில்லாடி, பலவீனமான ஸ்பார்க் பிளக் அல்லது காயில். லாக்-அப் பிடித்திருக்கும் நேரத்தில் இன்ஜின் ஒரு வெடிப்பைத் தவறவிட்டால் வரும் குலுக்கல், அச்சு அசலாகக் கன்வெர்ட்டர் நடுக்கம் போலவே இருக்கும். அனுபவசாலிகளே இதில் இடறுகிறார்கள்.

பிரித்தறிய வழி இருக்கிறது. காலியான சாலையில், உதறல் வரும்போது ஆக்ஸிலரேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பிரேக்கை மெல்லத் தொட்டால், பெரும்பாலான டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளில் லாக்-அப் விட்டுவிடும். அந்தக் கணமே உதறல் நின்றால் லாக்-அப் மேல் சந்தேகப்படலாம், பிளக்கையும் பார்த்துவிட வேண்டும். நிற்காவிட்டால் தேட வேண்டிய இடம் வேறு.

இதையெல்லாம் படித்துவிட்டு "அப்போ ஆயிலைத் தொடவே வேண்டாம்" என்று மறுகோடிக்கு ஓடுகிறவர்களும் உண்டு. பழைய கியர்பாக்ஸில் ஆயில் மாற்றினால் கியர்பாக்ஸே போய்விடும் என்பது அவர்கள் கட்சி. ஆனால் கார் நிறுவனங்கள் சில 'ஆயுளுக்கும் ஒரே ஆயில்' என்று விளம்பரப்படுத்திய கியர்பாக்ஸ்களுக்கே, அவற்றைச் செய்த ஜெர்மனியின் இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறது. அந்தக் கணக்கு வந்தால் மாற்றத்தான் வேண்டும், அதுவும் அந்த மாடலுக்கென்று சொன்ன ஆயிலை. அப்படி மாற்றுவது பராமரிப்புச் செலவு. உதறலுக்கு வண்டியை விடும்போது ஜாப் கார்டில் "கியர் ஆயில் மாற்றவும்" என்று எழுத விடாமல், "80-ல், ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது, சீட்டில் தெரிகிறது" என்று எழுதச் சொல்லி, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டலாம்.