அளவுகோல் யார் கையில்?

அரசாங்கக் கந்தோர்களில் வேலை நடைபெறுவதில்லை என்னும் முறைப்பாடு இந்நாட்டிற்குப் புதியதன்று. அதற்கு மருந்தாக "செயலாற்றுகை முகாமைத்துவம்" என்றொரு மந்திரம் இப்பொழுது உச்சரிக்கப்படுகிறது. ஒவ்வோர் உத்தியோகத்தரின் வேலையையும் அளக்க வேண்டுமாம். அளந்த பின்னரே சம்பள உயர்ச்சியும் பதவியுயர்வும் வழங்க வேண்டுமாம். நன்று. பொதுப்பணத்தில் வேதனம் பெறும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் வேலையை அளத்தலாகாது என்று வாதிட எந்த நியாயவாதியும் துணியான். எனினும், அளவுகோல் எது, அதனைக் கையிற் பிடித்திருப்பவர் யார் என்னும் கேள்விகளுக்கு விடை கிடைக்குமுன் தலையாட்ட நாம் ஆயத்தமாயில்லை.

வீம்புக்காக நாம் இதனைக் கேட்கவில்லை. சம்பள உயர்ச்சி என்னும் கருவியின் சரித்திரம் அவ்வாறு கேட்கச் செய்கிறது. தாபன விதிக்கோவையின்படி உயர்ச்சி என்பது ஆண்டு முடிந்ததும் தானாக மடியில் விழும் கனியன்று. ஊக்கத்துடனும் திறமையுடனும் கடமையாற்றி அதனைச் சம்பாதிக்க வேண்டும். மேலதிகாரி அதற்கு அத்தாட்சி கூற வேண்டும். வினைத்திறன் தடைதாண்டற் பரீட்சையும் உண்டு. ஏட்டில் உள்ள விதி நல்ல விதியே. நடந்தது என்ன?

1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் நிறைவேறிய பின், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையிற் சித்தியெய்தாத தமிழ் உத்தியோகத்தரின் உயர்ச்சியை நிறுத்துமாறு 1961 டிசம்பரில் திறைசேரி சுற்றறிக்கை விடுத்தது. கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞர் சேவையில் இருந்த திரு. கோடீஸ்வரனுக்கு 1962 இல் உயர்ச்சி மறுக்கப்பட்டது. காட்டப்பட்ட காரணம் மொழிப் பரீட்சை ஒன்றே. அவர் வழக்குத் தொடுத்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் 1964 இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மொழிச் சட்டமே அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்றும் கூறியது. 1967 இல் உயர் நீதிமன்றம் அதனைப் புரட்டியது. முடியின் சேவகன் தன் சம்பளத்துக்காக வழக்காட உரிமையற்றவன் என்பது அங்கு சொல்லப்பட்ட நியாயம்! 1969 டிசம்பரில் பிரிவிக் கவுன்சில், வழக்காட உரிமை உண்டு என்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவை மீண்டும் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் வழி அடைக்கப்பட்டது. 1972 இல் புதிய அரசியலமைப்பு வந்தது. அவ்வினாவுக்கு இன்றுவரை விடையில்லை.

மக்களின் மொழி அறியாதவன் மக்களுக்கு எவ்வாறு சேவை செய்வான் என்று அன்று கேட்டார்கள். கேள்வியிற் குற்றமில்லை. அதனையே இன்று நாம் திருப்பிக் கேட்கிறோம். 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 யூலைக்குப் பின் சேவையிற் சேர்ந்தோர் ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாம் மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று சுற்றறிக்கையும் உண்டு. இருந்தும் தமிழில் எழுதிய விண்ணப்பத்துக்குச் சிங்களத்திற் பதில் பெற்று, அதனை வாசிப்பிக்க ஆள் தேடி அலைபவர் இன்னமும் எம்மிடையே உள்ளனர். அந்தப் பதிலில் ஒப்பமிட்டவரின் உயர்ச்சிப் படிவத்தில் அது ஒரு குறையாகப் பதியப்படுகிறதா? ஒருகாலத்தில் தண்டனைக் கோலாயிருந்த அத்தாட்சி, இன்று பெரும்பாலும் வெறும் கையொப்பமாகி, உழைத்தவனுக்கும் உறங்கியவனுக்கும் ஒரேவிதமாக வழங்கப்படுகிறது.

இதற்கு மேலதிகாரியை மட்டும் பழிப்பது அநீதி. உண்மையை எழுதும் அதிகாரி, தனது இடமாற்றக் கட்டளை எங்கிருந்து வரும் என்பதையும் எண்ணவேண்டியவராகிறார். 1972 அரசியலமைப்பு, நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று ஆகியவற்றை மந்திரிசபையின் கையில் ஒப்படைத்தது. 2001 இல் 17 ஆம் திருத்தம் அரசாங்க சேவை ஆணைக்குழுவுக்குச் சுதந்திரம் அளித்தது; 2010 இல் 18 ஆம் திருத்தம் அதனைத் தளர்த்தியது; முன்னும் பின்னும் அசைந்து 2022 இல் 21 ஆம் திருத்தத்தோடு அது மீண்டும் அரசியலமைப்புப் பேரவையின் சிபார்சுக்குள் வந்திருக்கிறது. கால் ஊன்றி நிற்க முடியாத ஆணைக்குழுவை நம்பி எந்த உத்தியோகத்தர் முதுகை நிமிர்த்துவார்?

ஆனால் வழி தெரியாமல் இல்லை. 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பாருங்கள். விண்ணப்பத்தின் மீது 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும். அதிருப்தியுற்றவர் ஆணைக்குழு வரை மேன்முறையிடலாம். அங்கே கோல் திகதி முத்திரையோடு பிரசையின் கையிலேயே இருக்கிறது. அதே முறையை ஓய்வூதியத்துக்கும், காணி அனுமதிப்பத்திரத்துக்கும், பிறப்பத்தாட்சிக்கும் ஏன் விரிக்கலாகாது? உத்தியோகத்தருக்கும் அதே நீதி வேண்டும்: தம்மைப்பற்றி எழுதப்பட்டதைப் பார்க்கவும், மறுமொழி எழுதவும், ஆணைக்குழுவிடம் முறையிடவும் அவருக்கு உரிமை இருத்தல் வேண்டும். காட்டப்படாத அறிக்கையைக் கொண்டு ஒருவனின் உயர்ச்சியை வெட்டுவது விசாரணையின்றித் தண்டிப்பதாகும்.

திணைக்களங்களும் கச்சேரிகளும் ஆண்டுதோறும் செயலாற்றுகை அறிக்கை சமர்ப்பிக்கின்றன. அதில், வந்த கடிதங்கள் எத்தனை, எத்தனை நாட்களிற் பதில் சென்றது, எம்மொழியிற் சென்றது என்ற மூன்று நிரல்கள் சேர்க்கப்படட்டும். அடுத்த ஆண்டின் அறிக்கையிலேயே இதனைத் தொடங்கலாம். இதற்குப் பாராளுமன்றத்திற் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை; ஒரு சுற்றறிக்கை போதும்.