நாபோத்தின் தோட்டமும் பஞ்சமி நிலமும்

திருச்சபைகள் இன்று விவிலியக் கதைகளை அசைவூட்டப் படங்களாக்குகின்றன. அவற்றுள் நாபோத்தின் கதை நம் மண்ணுக்கும் உரியது: மூதாதையர் நிலத்தைத் தர மறுத்தவனை அரசதிகாரம் கொன்றது.

காஞ்சிபுரத்தை உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1891இல் ஆட்சியர் திரமென்ஹீர் ஒடுக்கப்பட்டோர் நிலை குறித்து அறிக்கை அளித்தார். மிஷனரிகளும் குரல் கொடுத்தனர். 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலத்தைப் பத்தாண்டுகளுக்கு விற்கவியலாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்டோரைத் தவிரப் பிறருக்கு விற்கவியலாது. ஆயினும் அது பிறர் கைக்குப் போயிற்று. காரணை நிலமீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் கொல்லப்பட்டனர்.

வானகத்தை வரையும் வரைகலை, புல எண் வாரியாக நிலம் கைமாறிய வரைபடத்தையும் அசையச் செய்ய வேண்டும். ஆகாபைக் காட்டிவிட்டு ஆவணத்தை மறைப்பது பாதி நற்செய்தியே.