வாப்பாவின் அறுபதுக்கு ரொலெக்ஸ்: யாருடைய காசில்?

நமது வியாபாரக் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. வாப்பாவுக்கு ஐம்பதோ அறுபதோ நிறையும்போது பிள்ளைகள் சேர்ந்து விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுக்கிறார்கள். பிறந்தநாள் கொண்டாடுவது கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது உலமாக்களின் வேலை. (ஹிஜ்ரிக் கணக்கில் பார்த்தால், ஆங்கிலக் கணக்கில் அறுபது நிறைபவருக்கு அறுபத்தொன்று எப்போதோ கழிந்திருக்கும் என்பது வேறு விடயம்.) வாப்பாவை நினைத்துப் பார்க்கும் பிள்ளைகள் இருப்பது சந்தோஷமான காரியம்தான். ஆனால் பத்து இலட்சம், இருபது இலட்சம் என்று காசு கைமாறும் இடத்தில் வியாபாரி கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. ஒரு கொள்கலன் சாமான் எடுக்கும்போது நாம் கேட்கும் கேள்விகள்தான் அவை. மணிக்கூடு என்று வந்ததும் ஏனோ அவற்றை மறந்து விடுகிறோம்.

நான் இரண்டாம் குறுக்குத் தெருவில் முப்பது வருடங்களாகப் புடவை வியாபாரம் செய்பவன். மணிக்கூட்டு வியாபாரி அல்ல. ஆனாலும் கடைக்கு வருகிறவரின் மணிக்கட்டில் கண் போவது பழக்கமாகி விட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்ட பிறகு, மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்கள் கொண்டு வந்த சீக்கோ ஃபைவ் நமது வாப்பாமாரின் கைகளில் ஏறியது. வசதி கூடியவர்கள் ராடோ கட்டினார்கள். கீறல் விழாத மணிக்கூடு என்று அதற்குப் பெயர். ராடோ கட்டியவருக்கு நம்பிக் கடன் கொடுக்கலாம் என்று நினைத்த காலம் அது. அப்படிக் கொடுத்துக் கையைச் சுட்டுக் கொண்டவர்களையும் எனக்குத் தெரியும். இன்று அந்த இடத்தை ரொலெக்ஸ் பிடித்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நேரம் பார்ப்பதற்காக யாரும் இந்தக் காசைக் கொடுப்பதில்லை. ரொலெக்ஸ் நிறுவனம் தனது கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு செக்கன் கூடலாம் அல்லது குறையலாம் என்று சொல்கிறது. இயந்திரக் கடிகாரத்துக்கு அது மிகச் சிறந்த கணக்கு. ஆனால் மெயின் வீதியில் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கும் பற்றரிக் கடிகாரம் ஒரு மாதம் முழுவதற்கும் பதினைந்து, இருபது செக்கன்தான் பிசகும். 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதலாவது குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டபோது அதன் விலை 450,000 யென். அந்தக் காலத்தில் அது ஒரு கொரோலா காரின் விலை. பின்னர் அதே தொழில்நுட்பம் மலிந்து, சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலையே ஆட்டிப் போட்டது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்த அத்துறையில் எண்பதுகளின் நடுப்பகுதியில் எஞ்சியவர்கள் 30,000 பேர் அளவில்தான். தப்பியவர்கள், நேரம் காட்டும் கருவி என்று சொல்வதை விட்டுவிட்டு அந்தஸ்து, கைவேலை, பரம்பரை என்று சொல்லி விற்கத் தொடங்கினார்கள். நாம் இன்று காசு கொடுப்பது அதற்குத்தான். அதில் தவறில்லை. பட்டுச் சேலை விற்பவன் அதைத் தவறென்று சொல்லவும் முடியாது. என்ன வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ரொலெக்ஸைத் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டோஃப் கூட மணிக்கூடு செய்யும் தொழிலாளி அல்ல என்பதை நம்மவர்களில் பலர் அறிய மாட்டார்கள். ஜேர்மனியில் பிறந்து சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். 1905இல், 24 வயதில், மைத்துனரோடு பங்கு சேர்ந்து லண்டனில் கடிகார இறக்குமதி வியாபாரம் ஆரம்பித்தார். சுவிஸ் இயந்திரத்தை வரவழைத்து, கூடு பொருத்தி விற்றார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியா கடிகார இறக்குமதிக்கு மூன்றில் ஒரு பங்கு வரி போட்டது. பிறகு தொழிலை ஜெனீவாவுக்கே கொண்டு போய் விட்டார். பிள்ளைகள் இல்லாத அவர் நிறுவனத்தை ஓர் அறக்கட்டளையின் கையில் விட்டுச் சென்றார். அவர் 1960இல் இறந்து இத்தனை வருடங்களாகியும் நிறுவனம் அதன் கையிலேயே இருக்கிறது. தனக்குப் பின் சொத்து யாருக்கு என்பதை அந்த வியாபாரி உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்தார்.

இனி, விற்பவர்கள் சொல்லும் பெரிய கதைக்கு வருவோம். “இது செலவில்லை ஹாஜியார், முதலீடு. ரொலெக்ஸ் விலை இறங்காது.” உண்மையில் சில ரகங்களின் விலை ஏறத்தான் செய்தது. ஆனால் பாவித்த கடிகாரங்களின் சந்தை 2022இன் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய், அதன் பின் இரண்டு வருடங்களுக்கு மேலாக இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். நம் நாட்டில் அதே வருடம் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதால், ரூபாக் கணக்கில் பார்த்தவர்களுக்கு இலாபம் போலத் தெரிந்தது. அது கடிகாரம் சம்பாதித்தது அல்ல, ரூபா விழுந்தது. மற்றப் பெரும்பாலான பெயர்கள் கடை வாசலைத் தாண்டியதுமே விலை குறைபவை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2024இல் இரும்பு சப்மரினர் ஒன்றின் விலை அமெரிக்கப் பட்டியலில் 9,000 டொலரைத் தாண்டியிருந்தது. டொலர் 300 ரூபா என்று வைத்தால், வரி சேர்க்காமல் 27 இலட்சம். அந்த விலைக்கு முகவரிடம் உடனே கிடைப்பதுமில்லை. காத்திருக்க வேண்டும், அல்லது வெளிச் சந்தையில் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இதே 27 இலட்சத்தைச் சரக்கில் போட்டு, வருடத்துக்கு நான்கு தடவை புரட்டி, ஒரு தடவைக்கு ஐந்து வீதம் மிஞ்சினால் 540,000 ரூபா. இன்னொன்றும் இருக்கிறது. இலாபத்துக்கு விற்கும் நிய்யத்தோடு வாங்கியது என்றால் அது வியாபாரச் சரக்கு. வருடம் திரும்பியதும் 67,500 ரூபா ஸகாத் கணக்கில் வர வேண்டும். முதலீடு என்று சொல்பவர்களிடம் இதைக் கேட்டால் உடனே “இல்லை, சொந்தப் பாவனைக்குத்தான்” என்கிறார்கள்.

இப்போது இந்தப் பத்தியை எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவரின் இரண்டு ஆண் மக்களும் என்னிடம் வந்தார்கள். ஹாட்வெயார் கடைக் குடும்பம். இரண்டு சகோதரிகள் திருமணம் முடித்து வெளியூரில் இருக்கிறார்கள்.

“சாச்சா, வாப்பாக்கு அறுபது வருது. சப்மரினர் ஒன்டு எடுக்கப் போறம். டுபாயில சொல்லி வெச்சிருக்கு.”

“காசு எங்கேருந்து மகன்?”

“கடையிலருந்துதான்.”

“கடை யார்ட பேர்ல?”

“வாப்பாட பேர்ல.”

“அப்ப வாப்பாட காசிலயே வாப்பாக்கு ஹதியாவா?”

இளையவன் சிரித்து விட்டான். மூத்தவன் சிரிக்கவில்லை. பதினான்கு வருடமாகக் காலையில் கடைக் கதவு திறப்பவன் அவன். சம்பளம் என்று எதுவும் இல்லை. வீட்டுச் செலவுக்கு லாச்சியிலிருந்து எடுப்பான். கல்யாணச் செலவை வாப்பா பார்த்தார். “அப்ப நான் உழைச்சது எனக்கில்லையா சாச்சா?” என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை. தனியார் பெயரில் பதிந்த கடையின் இலாபம் அந்தத் தனியாருடையது. மகனுக்குச் சம்பளம் பேசியிருந்தால் சம்பளம், பங்கு எழுதியிருந்தால் பங்கு. இரண்டும் இல்லையென்றால், வாப்பாவின் மௌத்துக்குப் பிறகு பதினான்கு வருடம் கதவு திறந்த மகனும் வெளிநாட்டில் இருந்த மகனும் வாரிசுக் கணக்கில் ஒன்றுதான். புறக்கோட்டையில் எத்தனை கடைகள் இதனால் இரண்டாகப் பிரிந்தன என்பதை வாசகர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள்.

மணிக்கூட்டை ஒரு மாதம் தள்ளிப் போட்டுவிட்டு, முதலில் வாப்பாவோடு உட்கார்ந்து சம்பளத்தைப் பேசுங்கள் என்றேன். “அத எப்படி சாச்சா வாப்பாட்ட கேக்கிறது?” என்றான். வாப்பாவுக்குத் தெரியாமல் அவருடைய 27 இலட்சத்தை எடுக்கத் துணிந்த பிள்ளைக்கு அவரிடம் ஒரு வார்த்தை பேசப் பயமாக இருந்தது. நமது வீடுகள் அப்படி.

பேச்சு நடந்தது. சுமுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். நண்பர் இரண்டு வாரம் என்னோடு கதைக்கவில்லை. கடைசியில் இரண்டு மக்களுக்கும் மாதச் சம்பளம் எழுதப்பட்டது. மணிக்கூடும் பிறகு வாங்கினார்கள், சொந்தக் காசில், சகோதரிகளையும் சேர்த்துக் கொண்டு. விலை முதலில் சொன்னதில் பாதிக்கும் குறைவு.

சகோதரிகளைச் சேர்க்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. “வாப்பாவுக்குப் பிறகு இது மூத்தவனுக்கு” என்று பல வீடுகளில் வாய்ப்பேச்சாகச் சொல்லி வைக்கிறார்கள். கொடுத்துக் கையில் கட்டிய நிமிடத்திலிருந்து அது வாப்பாவின் சொத்து. அவருக்குப் பின் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. இந்நாட்டில் 1931ஆம் ஆண்டிலிருந்து முஸ்லிம்களின் வாரிசுரிமைக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. மனைவி, இரண்டு ஆண், இரண்டு பெண் மாத்திரம் வாரிசுகள் என்றால், 27 இலட்சத்தில் மனைவிக்கு எட்டில் ஒன்று, 337,500. மிச்சத்தில் ஆண் மக்களுக்கு 787,500 வீதம், பெண் மக்களுக்கு 393,750 வீதம். மூத்தவன் எடுத்துக் கட்டிக் கொண்டால் மற்றவர்களின் பங்குக்குக் காசு வைக்க வேண்டும், அல்லது அவர்கள் மனமொப்பி விட்டுக் கொடுக்க வேண்டும். சிறிய சாமான் என்று இதை யாரும் பேசுவதில்லை. கை வளையலுக்காகப் பேச்சுவார்த்தை முறிந்த சகோதரிகள் நமது ஊர்களில் இருக்கும்போது, ரொலெக்ஸ் எப்படிச் சிறிய சாமானாகும்?

தெரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்களுக்குத் தங்கம் ஹராம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கடையில் ஏமாறுகிறோம். ரொலெக்ஸின் டே-டேட் ரகம் தங்கத்திலும் பிளாட்டினத்திலும் மட்டுமே வருகிறது, இரும்பில் கிடையாது. வெள்ளைத் தங்கம் பார்வைக்கு இரும்பு போல இருக்கும், ஆனால் அது நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு தங்கம். டேட்ஜஸ்ட் 41இல் கண்ணாடியைச் சுற்றிப் பல்லுப் பல்லாக வெட்டிய வளையம் உள்ளதை எடுத்து, “இரும்பு மணிக்கூடுதானே” என்று கட்டுகிறார்கள். அந்த வளையம் வெள்ளைத் தங்கம். வழுவழுப்பான வளையம் உள்ளதே முழு இரும்பு. விலைப் பட்டியலில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், வாசிப்பதில்லை. முலாம் பூசியதைப் பற்றி ஆலிம் ஒருவரிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

நமது வாப்பாமார் நாளைக்கு ஐந்து நேரம் வுழூச் செய்பவர்கள். தோல் பட்டி கொழும்பின் வியர்வையிலும் தண்ணீரிலும் ஒரு வருடம் தாங்காது. உள்பக்கத்தில் பன்றித் தோல் வைக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு, கேட்டு வாங்க வேண்டும். இரும்புப் பட்டிதான் சரி. இலேசாகக் கழற்றிப் பூட்டக் கூடியதாக இருக்கட்டும், ஹவுழுக் கட்டில் வைத்துவிட்டு வந்து தேடுவது தனிக் கதை. 30 மீற்றர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து 30 மீற்றர் ஆழத்துக்குப் போகலாம் என்று எண்ண வேண்டாம், அது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும்தான். 100 மீற்றருக்குக் குறையாததை எடுங்கள். அறுபது வயதுக் கண்ணுக்கு மூன்று சின்ன வட்டங்கள் உள்ள முகப்பு உதவாது. பெரிய முள், தெளிவான இலக்கம், எழுத்துத் தெரியும் திகதி வேண்டும்.

என்னிடம் கேட்டால், ஒமேகா சீமாஸ்டரின் அக்குவா டெரா, டியூடர், லொன்ஜின்ஸ் எல்லாம் மரியாதையான மணிக்கூடுகள்தான். டியூடரும் வில்ஸ்டோஃப் தொடங்கியதுதான். கிராண்ட் சீக்கோவை நமது ஆட்கள் சீக்கோ என்ற பெயரைப் பார்த்து ஒதுக்குகிறார்கள். அது அறியாமை. ‘ஃபஸ்ட் கொப்பி’ வாங்கிக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே விருப்பமில்லை. துணியில் ஒரு முழம் குறைந்தால் சண்டைக்கு வருகிற நாம், பெற்ற வாப்பாவின் கையில் பொய்யைக் கட்டலாமா?

வாங்கும் இடம் அங்கீகரிக்கப்பட்ட முகவராக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டு வருவதானால் சுங்கத்தில் அறிவித்து, கட்ட வேண்டியதைக் கட்டி, அந்தப் பற்றுச்சீட்டையும் பெட்டியிலேயே வையுங்கள். உத்தரவாத அட்டையில் தொடரிலக்கம் கடிகாரத்தோடு ஒத்துப் போகிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒரு தடவை இயந்திரத்தைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டி வரும். அந்தச் செலவை வாப்பாவின் தலையில் போடாமல் இப்போதே ஒருவர் பொறுப்பெடுங்கள். வாங்குவதற்கு முதல், அந்தப் பெயருக்குக் கொழும்பில் திருத்துநர் இருக்கிறாரா, உதிரிப்பாகம் வர எத்தனை மாதம் எடுக்கும் என்று ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.