பாக்ஸிங்கில் ‘4-1’ என்றால் என்ன? நிஷாந்த் தேவ் தோற்றது எப்படி?

சார்பட்டா, இடியப்ப பரம்பரை கதை கேட்டு வளர்ந்த ராயபுரம், காசிமேடு பக்கம் போய் பாக்ஸிங் பாடம் எடுத்தால் சிரிப்பாங்க. ஆனால் ஒலிம்பிக் மார்க் கணக்கு அவங்களையும் குழப்பத்தான் செய்யும்.

2024 பாரிஸ், 71 கிலோ காலிறுதி. முதல் ரவுண்டு நிஷாந்த் தேவுக்கு. முடிவோ மெக்சிகோவின் மார்கோ வெர்டேவுக்கு 4-1. ஜெயிச்சிருந்தால் வெண்கலம் உறுதி. அரையிறுதியில் தோற்கும் இருவருக்குமே அது உண்டு.

4-1 என்பது பாயின்ட் இல்லை, நடுவர்களின் எண்ணிக்கை. ரிங்கைச் சுற்றி 5 நடுவர்கள். தலா 3 நிமிடத்தில் 3 ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9. நன்றாக வெளுத்தாலும், நூலிழையில் ஜெயித்தாலும் அதே 10-9தான் பல நேரம். அதனால் முதல் ரவுண்டில் அசத்திவிட்டு, அடுத்த இரண்டைக் கொஞ்சத்தில் விட்டால் அந்த நடுவரிடம் 28-29. மூன்று நடுவர்கள் அப்படிப் போட்டாலே கதை முடிஞ்சுது.

டேக்வாண்டோவில் கவசத்திலேயே சென்சார் இருக்கு. உதை பட்டதா என்று மெஷின் சொல்லும். சந்தேகம் என்றால் கோச் வீடியோ ரிவ்யூ கேட்கலாம். பாக்ஸிங்கில் மார்க், நடுவர் கண்ணை நம்பித்தான். இந்தச் சர்ச்சைகளோடுதான் ‘வேர்ல்ட் பாக்ஸிங்’ என்ற புது அமைப்புக்கு 2025-ல் ஒலிம்பிக் கமிட்டி தற்காலிக அங்கீகாரம் கொடுத்தது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் பாக்ஸிங் உண்டு.