போலந்துக்காரர் சிரிக்கமாட்டார்களா?

போலந்து என்று சொன்னால் போதும், நம் மாணவ நண்பர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. எலும்பை உறைய வைக்கும் குளிர், வாயில் நுழையாத மொழி, விடிய விடிய வோட்கா, சிரிக்கத் தெரியாத மனிதர்கள். அங்கு மருத்துவம் படிக்கச் சென்ற மலேசிய மாணவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரும் கதைகளும் பெரும்பாலும் இவைதாம். பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு குளிர்காலத் தவணையைக் கிராக்கோவ் நகரில் கழித்துவிட்டு வந்த நானும் இவற்றை அப்படியே ஒப்பித்துவிட்டு நகரலாம். கேட்பவர்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். குளிரைப் பற்றி எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மற்ற மூன்றும் ஆங்கிலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்நாட்டைப் பார்த்ததால் வந்தவை என்பது என் எண்ணம்.

முதலில் சிரிப்பு. தெருவில் முன்பின் தெரியாதவரைப் பார்த்துப் போலந்துக்காரர் புன்னகைப்பதில்லை, உண்மைதான். ஆனால் சிறிய கடைக்குள் நுழைந்தால் ‘ஜென் தோப்ரி’ என்கிறார்கள். ‘நல்ல நாள்’ என்று பொருள். மின்தூக்கியில் ஏறினாலும், மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் சென்றாலும் அதே சொல். இறங்கும்போது விடைபெறும் சொல் ஒன்று. கோலாலம்பூரில் இருபது மாடி ஒரே மின்தூக்கியில் ஏறியும் பக்கத்து வீட்டுக்காரரை நிமிர்ந்து பாராமல் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் நாம், அவர்களைக் கடுகடுப்பானவர்கள் என்று சொல்வது வேடிக்கையாக இல்லையா?

ஆங்கிலத்தில் பேசுகிறவருக்கு அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் நீயும் ஒன்றுதான், நீங்களும் ஒன்றுதான். போலந்து மொழியில் அறிமுகமில்லாத பெரியவரை ‘நீ’ என்று அழைக்கவே முடியாது. ஆணானால் ‘பான்’, பெண்ணானால் ‘பானி’ என்று சொல்லி, வினைச்சொல்லைப் படர்க்கையில் முடிக்க வேண்டும். ‘உங்களிடம் ரொட்டி இருக்கிறதா?’ என்பதை ‘அம்மையாரிடம் ரொட்டி இருக்கிறதா?’ என்று அம்மையாரிடமே கேட்பது போல. நம் ஊரில் எங்கே போனாலும் எனக்குத் ‘தங்கச்சி’ அல்லது ‘அடிக்’ என்ற பெயர்தான். இருபத்திரண்டு வயதில் என்னை முதன்முதலாக ‘பானி’ என்று மதித்து அழைத்தவர், எழுபதைத் தாண்டிய ஒரு காய்கறிக் கடைப் பாட்டி. அவரிடம் ஆங்கிலத்தில் விலை கேட்டால் விரல்களைக் காட்டுவார். போலந்து மொழியில் தட்டுத் தடுமாறிக் கேட்டால் விலையோடு, எந்த உருளைக்கிழங்கு குழையும், எது குழையாது என்றும் சொல்வார். முகம் இரண்டு நேரத்திலும் ஒரே மாதிரிதான் இருந்தது. அதைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?

மொழி வாயில் நுழையாது என்பது அடுத்த புகார். மெய்யெழுத்துகள் வரிசைகட்டி நிற்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ழகரத்தை வைத்திருக்கும் நாம், அதிலும் நம்மில் பாதிப் பேர் ‘தமில்’ என்று சொல்லிக்கொண்டு, பிறர் மொழியின் ஒலியைக் கேலி செய்யக் கூடாது. வெளிநாட்டு மாணவர்களுக்கான மொழி வகுப்பில் ஏழு வேற்றுமைகள் என்று ஆசிரியர் பலகையில் எழுதியதும் மற்ற மாணவர்கள் முனகினார்கள். தமிழ்ப்பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று ஒப்பித்து வளர்ந்தவளுக்கு அதில் என்ன அச்சம்? நமக்கு எட்டு, அவர்களுக்கு ஏழு. நம்மைப் போலவே அவர்களும் விளி வேற்றுமையைப் பட்டியலின் கடைசியில்தான் வைத்திருக்கிறார்கள். ‘அன்னா’ என்ற பெண்ணைக் கூப்பிடும்போது ‘அன்னோ’ ஆகிறாள். ‘மாமா’ என்றால் அம்மா. அவளை அழைத்தால் ‘மாமோ’. மகனுக்குச் ‘சின்’, அழைத்தால் ‘சினு’. மகன், மகனே என்று சொல்லிப் பழகியவருக்கு இது விளங்க ஒரு நிமிடம் போதும். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு ஐந்தாண்டுகளாகத் தூசு படிந்து கிடந்த என் வேற்றுமைப் பாடம், யாரும் எதிர்பாராத ஒரு நாட்டில் எனக்குக் கைகொடுத்தது.

எண்களில்தான் உண்மையான சோதனை. அவர்கள் பணத்தின் பெயர் ‘ஸ்வோத்தி’. பொன்னாலானது என்று பொருள். (ரிங்கிட்டை நாம் வெள்ளி என்கிறோம், அவர்கள் பொன் என்கிறார்கள். மதிப்பில் இரண்டும் ஏறக்குறைய அண்டை வீட்டுக்காரர்கள்தாம்.) ஒன்று என்றால் ஸ்வோத்தி, இரண்டு, மூன்று, நான்கு என்றால் ஸ்வோத்தெ, ஐந்திலிருந்து ஸ்வோத்திஹ். இருபத்தொன்றுக்கும் ஸ்வோத்திஹ், இருபத்திரண்டுக்கு மறுபடியும் ஸ்வோத்தெ! கடையில் சில்லறை எண்ணுவதே இலக்கணத் தேர்வு. இதைக் கற்க நூலகம் தேவையில்லை. தினமும் ஒரு கடைக்குப் போய் வந்தால் ஒரு மாதத்தில் வந்துவிடும்.

சாப்பாட்டுக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். ‘பார் ம்லெச்னி’ என்ற பால் உணவகங்கள் அந்நாட்டில் இருக்கின்றன. வார்சாவில் முதல் கடை 1896இல் தொடங்கியது. பின்னர் கம்யூனிச ஆட்சிக் காலத்தில் தொழிலாளர்களுக்கான மலிவு உணவகங்களாகப் பெருகி, இன்றும் அரசு மானியத்துடன் நடக்கின்றன. இறைச்சிக்கு மானியம் இல்லை. பால், மாவு, காய்கறி உணவுகளுக்குத்தான். தட்டை நாமே ஏந்தி வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் ஓய்வூதியத் தாத்தா, பின்னால் கட்டடத் தொழிலாளி, நடுவில் நாம். விலைப்பட்டியல் பெரும்பாலும் போலந்து மொழியில்தான் இருக்கும்; அதனால் நம் மாணவர்கள் இரண்டு தெரு தள்ளிப் பர்கர் கடைக்குப் போய்விடுகிறார்கள். சைவ உணவுக்காரர்கள் போலந்தில் பட்டினி கிடக்க வேண்டும் என்ற கதை இப்படித்தான் பிறந்தது போலும்.

அங்கே கிடைக்கும் ‘பியெரோகி’யை நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை எனலாம். கோதுமை மாவுக்குள் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து மடித்து, வெந்நீரில் வேகவைத்து, மேலே வதக்கிய வெங்காயம். இந்த வகைக்குப் ‘பியெரோகி ருஸ்கியே’ என்று பெயர். இன்று உக்ரேனின் மேற்குப் பகுதியில் அடங்கியுள்ள பழைய ருத்தேனிய நிலத்தைக் குறிக்கும் பெயர் அது. ரஷ்யாவைக் குறிப்பதாகக் கேட்பதால், 2022இல் உக்ரேன் மீது ரஷ்யா முழுப் போர் தொடுத்தபின் சில கடைகள் ‘உக்ரேனியப் பியெரோகி’ என்று பலகையை மாற்றிவிட்டன. ‘ஜூரெக்’ என்னும் சூப், கம்பு போன்ற ‘ரை’ தானிய மாவை நீரில் கரைத்துச் சில நாள் புளிக்க வைத்துச் செய்வது. தோசை மாவு புளித்த வாசனையில் வளர்ந்தவருக்கு அது அந்நியமாகவே தோன்றாது. நாம் கொத்தமல்லி தூவும் இடத்தில் எல்லாம் அவர்கள் சதகுப்பை தூவுகிறார்கள். காரத்துக்கு மிளகாய் இல்லை. கடுகும், மூக்கில் ஏறும் ஒருவகைக் கிழங்குத் துருவலும் உண்டு.

தேநீர்தான் என்னைத் திண்டாட வைத்தது. எலுமிச்சைத் துண்டு போட்டுக் கண்ணாடிக் குவளையில் குடிப்பார்கள். பால் ஊற்றிய தேநீருக்குப் ‘பவார்கா’ என்று தனிப்பெயர். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கக் கொடுப்பது என்ற நம்பிக்கை அங்கே பழையது. தே தாரிக் நாட்டிலிருந்து போனவள் பாலைத் தேடினால் தோழிகள் ஏன் சிரிக்கமாட்டார்கள்? ஆம், அவர்கள் சிரித்தார்கள்.

இனி வோட்கா. குடிப்பவர்கள் இருக்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. சிறு குவளையில், குளிரக் குளிர, உப்பில் ஊறிய வெள்ளரிக்காயோடு. ஆனால் பொது இடத்தில் குடிப்பதை 1982ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. கிராக்கோவ் நகரம் 2023 ஜூலை முதல் நள்ளிரவுக்கும் அதிகாலை ஐந்தரைக்கும் இடையில் கடைகளில் மது விற்பதை நிறுத்தியது. குடித்துக் கூத்தடிக்க மலிவு விமானத்தில் வந்திறங்கும் வெளிநாட்டு இளைஞர் கூட்டத்தைச் சதுக்கத்தில் பார்த்தவர்களுக்கு, யாருடைய குடியைப் பற்றி யார் கதை கட்டுகிறார்கள் என்ற ஐயம் வரும்.

பிரெஞ்சு மொழியில் ‘போலந்துக்காரனைப் போல் குடித்திருக்கிறான்’ என்றே ஒரு வழக்கு இருக்கிறது. இந்தப் பெயர் அவர்களுக்கு வெளியிலிருந்து வந்தது. உள்ளே நடந்ததையும் பார்க்க வேண்டும். போலந்தின் நிலப்பிரபுக்களுக்குப் ‘ப்ரொபினாட்சியா’ என்றொரு உரிமை பல நூற்றாண்டுகள் இருந்தது. பிரபுவின் நிலத்தில் மது காய்ச்சவும் விற்கவும் பிரபுவுக்கே ஏகபோகம். பண்ணையடிமைகளாக இருந்த குடியானவர்கள் அவருடைய சத்திரத்தில்தான் வாங்க வேண்டும்; பல இடங்களில் இவ்வளவு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. உழைப்பையும் வாங்கிக்கொண்டு, கொடுத்த காசையும் சாராயத்தின் வழியே திரும்பப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு. பிறகு அதே பிரபு வர்க்கம் குடியானவனைக் ‘குடிகாரன்’ என்றது.

வாசக நண்பர்களே, இந்தக் கதை நமக்குத் தெரிந்த கதைதானே? ரப்பர் தோட்டத்தில் கள்ளுக்கடையைத் திறந்து வைத்தவர்கள் யார்? ‘தோட்டத்துத் தமிழன் என்றால் குடி’ என்று குறிப்பெழுதியவர்கள் யார்? 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. அந்தக் கோரிக்கையை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? குடிகாரன் என்ற பட்டத்தை மட்டும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டத்தைச் சுமந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்னொரு நாட்டுக்குப் போய் ‘இவர்கள் எல்லாரும் குடிகாரர்கள்’ என்று படம்பிடித்துப் போடும்போது நம் கை சற்றேனும் தயங்க வேண்டாமா?

தமிழ் விழா மேடைகளில் போலந்தைப் போன்ற நாடுகளை எடுத்துக்காட்டாகச் சொல்வதும் உண்டு. 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் வரைபடத்தில் போலந்து என்ற நாடே இல்லை; மொழி மட்டும் இருந்தது. பிரஷ்ய ஆட்சியில் இருந்த வ்ஷெஷ்னியா ஊரில் 1901இல், சமயப் பாடத்தில் ஜெர்மன் மொழியில் பதில் சொல்ல மறுத்த பள்ளிப் பிள்ளைகள் பிரம்படி பட்டார்கள். எதிர்த்த பெற்றோர் சிறை சென்றார்கள். கேட்டால் மெய் சிலிர்க்கும். ஆனால் முழுக் கதையையும் சொல்வோம். அதே நாட்டில் இன்று சைலீசிய மொழியை வீட்டில் பேசுவதாக 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தார்கள். அதை வட்டார மொழியாக ஏற்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியும், 2024இல் அதிபர் ஒப்பமிட மறுத்துவிட்டார். அது தனி மொழி இல்லையாம், கிளைமொழியாம். காஷுபிய மொழிக்கு மட்டும் 2005இல் அந்த ஏற்பு கிடைத்தது. அடிபட்ட மொழிக்காரர்கள் அடுத்த மொழியின் வலியைத் தானாகப் புரிந்துகொள்வார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேடையில் இதையும் சேர்த்துச் சொன்னால் கைத்தட்டல் குறையும், குறையட்டுமே.

போலந்தில் எல்லாம் இனிமை என்றும் நான் சொல்லவில்லை. வெறித்துப் பார்ப்பவர்கள் உண்டு. டிராமில் ஒருவர் என் நிறத்தைப் பற்றித் தம் நண்பரிடம் சொன்னது எனக்குப் புரிந்தது. மொழி கற்றால் அதற்கும் காது திறந்துவிடுகிறது. அதே காதோடுதான் ஒரு தோழியின் வீட்டில் கிறிஸ்துமஸ் முந்திய இரவு விருந்துக்குப் போனேன். இறைச்சி இல்லாத பன்னிரண்டு வகை உணவு. மீனை அவர்கள் இறைச்சியில் சேர்ப்பதில்லை. எதிர்பாராத விருந்தாளிக்கென மேசையில் ஒரு வெற்றுத் தட்டு. வாசற்படியில் நின்றவாறே நான் கை நீட்டியதும் அவளுடைய பாட்டி பதறி, உள்ளே இழுத்துக்கொண்ட பிறகே கை குலுக்கினார். படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று கை கொடுக்கக் கூடாதாம். என் பாட்டி இருந்திருந்தால் இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்திருப்பார்கள்.

கிராக்கோவின் ரகோவிட்ஸ்கி இடுகாட்டுக்கு நவம்பர் 1ஆம் தேதி சென்றேன். அன்று ஊரே திரண்டு கல்லறைகளில் விளக்கேற்றும். அங்கே அப்போலோ கொஜெனியோவ்ஸ்கி என்ற கவிஞரின் கல்லறை இருக்கிறது. ரஷ்யப் பேரரசால் 1862இல் நாடு கடத்தப்பட்டு, நோயோடு திரும்பி, 1869இல் இந்நகரில் இறந்தவர். இறுதி ஊர்வலத்தின் முன்னால் நடந்த பதினொரு வயது மகன்தான் பிற்காலத்தில் ஜோசப் கான்ராட் என்ற பெயரில் ஆங்கில எழுத்தாளரானான். அந்தக் கான்ராட் 1887, 88இல் சில மாதங்கள் சிங்கப்பூருக்கும் போர்னியோவுக்கும் இடையே ஓடிய கப்பலில் வேலை பார்த்து, அந்தத் துறைமுகப் பார்வையை வைத்தே மலாய் மண்ணைப் பற்றி நாவல்கள் எழுதினார். பகாங்கில் பணியாற்றி மலாய் மொழியில் ஊறியிருந்த ஹியூ கிளிஃபர்ட், இவருக்கு மலாய்க்காரர்களைத் தெரியாது என்று 1898இல் சிங்கப்பூர் நாளிதழிலேயே எழுதிவிட்டார். எழுத்து அழகு, ஆட்களைத் தெரியவில்லை என்பது அவர் குறை. நம் பக்கத்தைச் சில மாதங்கள் பார்த்து எழுதிய ஒரு போலந்துக்காரரின் அப்பா கல்லறையில், அவர் நாட்டைச் சில மாதங்களே பார்த்த நானும் ஒரு விளக்கை வைத்தேன்.

கிராக்கோவுக்குப் புறப்படும் இளையவர்கள் இருவர், எத்தனை கிலோ மிளகாய்த்தூள் கொண்டுபோகலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ போதும். புளிப்பு அங்கேயே கிடைக்கும். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணக் கற்றுக்கொண்டு போங்கள். சதகுப்பை பழக எப்படியும் ஒரு மாதம் ஆகும்.