நட்சத்திரம் இருக்கணுமா, போகணுமா?

"மலருக்குக் கட்டுரை கேட்டால் இவன் பேஸ்பாலைப் பற்றி எழுதியிருக்கிறானே!" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. பரவாயில்லை. ஆல்பர்ட் பூஜோல்ஸ் என்ற மனிதரின் கதையைப் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

இவர் 1980இல் டொமினிக்கன் குடியரசில் பிறந்தவர். 1999இல் அமெரிக்க அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, 401 பேரை எடுத்த பிறகுதான் இவர் பெயர் வந்தது. எடுத்தது செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அந்த அணிக்காக 2001 முதல் 2011 வரை 445 ஹோம் ரன் அடித்தார். (ஹோம் ரன் என்றால் நம்ம சிக்ஸர் மாதிரி!) 2006, 2011 ஆகிய இரண்டு வருடங்களிலும் அணி உலகத் தொடரை வென்றது.

2011 முடிவில் ஒப்பந்தம் தீர்ந்தது. வயது 31. ஏஞ்சல்ஸ் அணி 10 வருடத்துக்கு 24 கோடி டாலர் என்றது. போய்விட்டார்! வளர்த்த அணியை விட்டுப் போகலாமா?

என்னைப் பொறுத்தவரை, போனதில் தப்பில்லை. அணிக்கும் நஷ்டமில்லை. இவர் போனதற்கு ஈடாகக் கிடைத்த வாய்ப்பில் கார்டினல்ஸ் மைக்கேல் வாக்கா என்ற இளைஞரை எடுத்தது. 2013இல் அவர் பந்துவீச்சால் அணி மறுபடியும் உலகத் தொடருக்குப் போனது.

ஆனால் பூஜோல்ஸுக்கு? கால் வலி, அறுவை சிகிச்சை. .328 ஆக இருந்த அடிக்கும் சராசரி ஏஞ்சல்ஸில் .256 ஆனது. 24 கோடி கொடுத்தவரை வெளியே உட்கார வைக்க யாருக்கு மனசு வரும்? 2021 மே மாதம், ஒப்பந்தம் முடியும் முன்பே அனுப்பிவிட்டார்கள். இடையில் டாட்ஜர்ஸ் அணியில் சில மாதம் ஆடினார்.

"பார்த்தாயா, வயசானால் மரியாதையாக விலகிவிட வேண்டும்" என்று சிலர் சொல்லலாம். அவசரப்படாதீர்கள்!

2022இல், 42 வயதில், பழைய கார்டினல்ஸுக்கே திரும்பினார். சம்பளம் 25 லட்சம் டாலர்தான். முன்பு போல் தினமும் ஆட்டமில்லை. பெரும்பாலும் இடது கை பந்துவீச்சாளர்கள் வரும்போதுதான் இறக்கினார்கள். பந்துவீச்சாளருக்குப் பதிலாக மட்டை மட்டும் பிடிக்க ஓர் ஆள் வைக்கும் விதி, கார்டினல்ஸ் ஆடும் தேசிய லீக்கில் அந்த வருடம்தான் நிரந்தரமானது. ஓடிக் களைக்க வேண்டியதில்லை. அடித்தால் போதும். அடித்தார்! 24 ஹோம் ரன். செப்டம்பர் 23 அன்று 700ஐத் தொட்டார். அமெரிக்கப் பெரிய லீக்கில் அதைத் தொட்ட நாலாவது ஆள். 703ல் முடித்து, தலைநிமிர்ந்து ஓய்வு பெற்றார்.

ஒர்க்‌ஷாப்பில் நமக்குத் தெரிந்ததுதானே! முனை மழுங்கிய டூலை யாரும் ஸ்கிராப்பில் போடுவதில்லை. கிரைண்டிங்கில் தீட்டி, அதற்கேற்ற வேலைக்குப் போடுகிறோம். பழைய வேலையையே கொடுத்தால் ஜாபும் போச்சு, டூலும் போச்சு.

இதை நான் வீட்டிலும் பார்த்தேன். என் அப்பா ஒரு பட்டறையில் சுமை தூக்கியவர். முதுகு விட்டுப்போனதும் முதலாளி, "ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடு, கூலி கொஞ்சம் குறையும்" என்றார். அப்பாவுக்கு ரோஷம். மூணு மாசம் வீட்டிலேயே இருந்தார். அம்மா எடுத்துச் சொல்லித்தான் போனார். எந்த போல்ட் எந்தப் பெட்டியில் என்பது இன்று அங்கே அவருக்குத்தான் தெரியும். என் செமஸ்டர் ஃபீஸும் அந்தக் கூலியில்தான்.

ஆகவே நட்சத்திரம் இருக்கணுமா, போகணுமா என்பதல்ல கேள்வி. எந்த வேலைக்கு இருக்கணும் என்பதுதான். அதை அணி முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். நட்சத்திரம் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால், போவதே மேல்.

நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம். அதற்கப்புறம் நமக்கும் வயசாகும், நண்பர்களே!

- இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு மாணவன்