கோட் வந்ததும் சென்சரை மாத்தாதீங்கோ



இந்த வார எபிசோடில் காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்களைப் பற்றிக் கதைச்சோம். நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயம் இது.

போன கோடையில் அப்பாவின் பழைய பெட்ரோல் கார், நோர்த் சேர்குலரில் வெம்பிளிக்குக் கிட்ட, ஓடிக்கொண்டிருக்கும்போதே நிண்டுட்டுது. இருபது நிமிஷம் கழிச்சுத் திறப்பைப் போட்டால் ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. அடுத்த நாளும் அதே கூத்து.

கராஜில் கோட் ரீடரைச் செருகினார்கள். பி0335. "கிராங்க்ஷாஃப்ட் பொசிஷன் சென்சர் போயிட்டுது, மாத்த 240 பவுண்ட்ஸ்." அப்பா என்னைப் பார்த்தார்: "என்ன தம்பி சொல்லுறாங்கள்?" மொழிபெயர்த்தேன். "ஓம், மாத்துங்கோ" எண்டு சொன்னதும் நான்தான். பத்து நாளில் கார் திரும்பவும் நிண்டுது.

பிறகுதான் அந்தக் கோடின் முழு அர்த்தத்தை வாசிச்சன். அதில் 'சேர்கிட்' எண்டு ஒரு சொல் இருக்கு. கராஜும் அதை விட்டுட்டுது, நானும் கேட்கவில்லை.

பிஸ்டன்களின் மேல் கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டுதான் கிராங்க்ஷாஃப்ட். அதோடு சேர்ந்து பல்லுச் சக்கரம் ஒன்று சுத்தும். பல கார்களில் அதில் 60 பல்லுக்கு இடமிருக்கும், ஆனால் இரண்டு பல் வேண்டுமென்றே இல்லை. சென்சர் பல்லுகளைக் கவனிக்கும். அந்த இடைவெளியை வைத்துத் தண்டு எந்த நிலையில் நிற்குது எண்டு கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். சிக்னல் நின்றால் எப்ப தீப்பொறி கொடுக்கிறது எண்டு அதுக்குத் தெரியாது. எஞ்சின் நிற்கும்.

ஆனால் சிக்னல் சென்சரில் மட்டுமா அறும்? வயர், கனெக்டர், பல்லுச் சக்கரம், எங்கயும் அறலாம். எங்கட காரில் எக்ஸோஸ்ட்டுக்குக் கிட்டப் போற வயரின் உறை வெடிச்சு, உள்ளே கம்பி பாதி அறுந்திருந்தது. இரண்டாவது மெக்கானிக், எஞ்சின் ஓடும்போது வயரை மெல்ல அசைத்துப் பார்த்தே கண்டுபிடிச்சார்.

சூடாகும்போது நிற்பதும் ஆறினதும் ஓடுவதும் பழுதான சென்சரின் குணம்தான். அதனால் முதல் கராஜின் சந்தேகம் பிழையில்லை. சந்தேகத்தை முடிவாக எடுத்ததுதான் பிழை. ஐரோப்பாவில் 2001 முதல் புதுப் பெட்ரோல் கார்களில் இந்தக் கோட் வசதி கட்டாயம். இண்டைக்கு ஆரும் மலிவாக ஒரு ரீடர் வாங்கிக் கோட் வாசிக்கலாம். அது நோயைக் கண்டுபிடிக்கிற வேலை இல்லை.

"சென்சர் மலிவுதானே, மாத்திப் பார்க்கலாமே" எண்டு நீங்க கேட்கலாம். கையெட்டும் இடத்தில் இருந்தால் சரி. சில எஞ்சின்களில் அதை எடுக்க ஸ்டார்ட்டர் மோட்டரையே கழட்டவேணும். அங்கே கூலிதான் பெரிய பில்.

எங்களில் கனபேர் வீட்டில் அப்பா அம்மாவுக்கு மொழிபெயர்க்கிற ஆக்கள். அடுத்த முறை கராஜில் 'ஓம்' சொல்ல முதல் மூன்று கேள்வி கேளுங்கோ:

1. வயரையும் கனெக்டரையும் பார்த்தனீங்களோ?
2. ஸ்டார்ட்டர் சுத்தும்போது லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் காட்டுதோ, பூச்சியமோ?
3. எஞ்சின் சூடாக இருக்கும்போது சோதிச்சனீங்களோ?

சோதனைக்கு ஒரு மணித்தியாலக் கூலி கேட்டால் கொடுங்கோ. நாங்கள் தேவையில்லாத ஒரு சென்சருக்கு 240 கொடுத்தோம்.

உங்கட வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ.